இடையினம்

மேடை விளிம்பில் ஒரு பொந்து.
கழுத்தளவு அதில் புதைந்து
முப்பத்து நான்கு ஆண்டுகள்
சொல்லெடுத்துக் கொடுத்தவன் நான்.
பாடுகிறவர் வாய் திறக்க ஒரு மூச்சு முன்னால்
அடுத்த சொல் என் உதட்டில் இருக்கும்.
நெரீனாவின் முகத்தைத் திரியெஸ்தே நகரமே பார்த்தது.
எனக்குத் தெரிந்தவை அவள் காலணிகள்.

முதலில் வந்தவை வார்ப்பூட்டு வைத்த பூட்ஸ்.
பதினாறு வயதுப் பையனாக
முப்பது வயதுக்காரி ஒருத்தி
மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு
மதிலேறிக் குதித்தாள்.
முழங்கால் சொடுக்கியது எனக்கு மட்டும் கேட்டது.
அந்தக் குளிர்காலம் முழுக்கப் பையனின் இடைவார்
துளை துளையாகத் தளர்ந்துகொண்டே போய்
ஐந்தாம் மாதம் வேறொருத்தி குதித்தாள்.

முந்தைய கதையை அவளே சொன்னாள்,
இடைவேளையில், முட்டை உரித்தபடி.
அப்பா துறைமுகத்தில் காப்பி மூட்டை எடைபோடுபவர்.
வீட்டில் ஜெர்யால். பதிவேட்டில் ஜெரியாலி.
ஸ்லோவேனியப் பெயருக்கு இத்தாலிய வால்
யாரோ குமாஸ்தா ஒட்டியது.
இருபத்திரண்டில் ஓர் ஆசிரியர்
"உன் குரலுக்கு மாடி இருக்கிறது, ஏறு" என்றாராம்.
ஏறினாள்.
இரண்டாம் கோடையில் தொண்டைக்குள்
அரிசிமணி அளவில் இரண்டு காய்ப்பு.
பதினான்கு மாதம் பேச்சில்லை.
எடைக்கூடத்தில் கணக்கெழுதினாள்.
கழுத்தில் தொங்கிய சிலேட்டில்தான் காலை வணக்கம்,
சண்டையும் அதில்தான்;
அடுத்த வசைக்கு முந்தைய வசையை அழித்தாக வேண்டும்,
அதற்குள் கோபம் ஆறிவிடும் என்றாள்.
போரா காற்று வீசும் நாட்களில்
தெருவோரக் கயிற்றைப் பிடித்து நடக்கையில்
கத்த வேண்டும்போல் இருந்ததாம்.
கத்தவில்லை.
குரல் திரும்பியபோது
கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது,
சமையலறையில் ஆள் இருப்பதுபோல.
வல்லினமும் இல்லை, மெல்லினமும் இல்லை.

பிறகு தாதியின் கம்பளிச் செருப்பு.
சூனியக்காரிக்கு வெறுங்கால்,
இடது சுண்டுவிரலில் ஆணி.
ராணியின் சிவப்புக் குதியணி
லூப்லியானாவில் வேறொருத்திக்குத் தைத்தது,
நடக்கும்போதே ராணிக்குக் கோபம் வந்துவிடும்.
மேலே அவள் யாருக்கோ விஷம் கலக்கையில்
அவள் மகள் ஸோரா
என் பொந்தில், என் கோட்டின் மேல் தூங்கினாள்.

எங்கள் மேடையில் சாவது
உச்சக்குரல்காரிகளின் உரிமை.
காசநோயோ கத்தியோ, சரிந்து விழுபவளை
இவள்தான் தாங்கிப் பிடிப்பாள்.
அப்பாவைப்போல எடையும் சொல்வாள்:
"இன்றைக்கு வந்தவள் அறுபத்தெட்டு.
சாகும்போது மட்டும் எண்பது."

ஒரு பிப்ரவரியில் கிராட்ஸிலிருந்து நாயகி வரவில்லை.
கணவாய் முழுக்கப் பனி.
நிர்வாகி படியிறங்கி வந்து கெஞ்சினார்:
வரி வரியாக உனக்குத் தெரியுமே,
ஒரே ஒரு இரவு, பெரிய எழுத்தில் உன் பெயர்.
முட்டை ஓட்டைக் காகிதத்தில் மடித்தபடி சொன்னாள்:
"என் வீட்டுக்கு மாடி இல்லை, ஐயா."
திரை எழவில்லை.
பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு
ஜனங்கள் இரண்டு மொழியிலும் திட்டினார்கள்.

கடைசி இரவு, அறுபத்து மூன்று வயதில்,
நான்கே வரிகளுக்காக ஒரு பிச்சைக்காரி.
காலில் கடைவீதிக்குப் போட்டுப்போகும்
சொந்தச் செருப்பு, பழுப்பு ரப்பர்.
பொந்தருகே வந்து நின்றாள்.
மூன்றாம் வரி தண்ணீர் கேட்கிறது.
நான் உதட்டைக் குவித்து "ஆக்வா" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நடத்துநரின் கோல் காற்றில் நின்றது.
"வோதா" என்று பாடினாள்.

இரண்டு அசை. தாளம் ஒன்றும் கெடவில்லை.
மேல்மாடத்தில் யாரோ எழுந்து நின்ற சத்தம்,
மடக்கு நாற்காலி ஒன்று படாரென்று மூடியது.

மறந்தாளா என்று நான் கேட்கவில்லை.
பிரதியில் அச்சிட்ட சொல்லை அடிக்காமல்
பக்கத்தில் பென்சிலால் மற்றதையும் எழுதினேன்.
வியாழக்கிழமை புதிய பெண் வருகிறாள்.
எதை எடுத்துக் கொடுப்பது?